இடுப்பில் தம்பியோடு வந்த பெண்

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால் முதல் வாரம் வகுப்பு நிறையாது. பெங்களூர் நீலசந்திராவில் நான் வேலை பார்த்த தமிழ் மீடியம் பள்ளியில் அது வழக்கம். பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் திருவண்ணாமலை, தர்மபுரி, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊருக்குப் போனால் போன வேகத்தில் திரும்ப மாட்டார்கள். கல்யாணம் இருக்கும், வளைகாப்பு இருக்கும், ஒன்றுமே இல்லாவிட்டால் பஸ்ஸில் இடம் கிடைத்திருக்காது. அதனால் அந்த வாரம் புதுப்பாடம் எதுவும் எடுக்காமல் பழையதையே ஓட்டிக்கொண்டிருப்போம். அதற்கு அடுத்த வாரமும் வராதவர்களைப் பற்றித்தான் கவலைப்படத் தொடங்குவோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஆறாம் வகுப்பு டீச்சர். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. எங்கள் வீடு அல்சூரில். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம்; அப்பா மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தவள் நான். ஒரு பஸ் தூரத்தில் இருந்த நீலசந்திராவின் உட்சந்துகளை வேலை கிடைக்கும்வரை பார்த்ததில்லை.

எங்கள் எச்.எம். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மாள். கோலார் தங்கவயலில் பிறந்தவர். குரல் பெரியது. அவர் அறையில் பேசுவது கடைசி வகுப்பறை வரை கேட்கும். பள்ளியில் அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஒரு பிள்ளை தொடர்ந்து ஒரு வாரம் வராவிட்டால், கிளாஸ் டீச்சரே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட சொல்லி அனுப்பிட்டு சும்மா இருக்காதீங்க. நீங்களே போங்க. காபி குடுத்தா குடிங்க. எதுக்கு வரலன்னு கேட்டா ஜொரம்னுதான் சொல்வாங்க. அதனால கேக்காதீங்க, பாருங்க," என்பார்.

அப்படிப் போய்ப் பார்த்துத்தான் நான் அந்தப் பிள்ளைகளைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டேன். குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடம் வைத்து வரிசையில் நிற்பதற்காக வராதவர்கள் இருந்தார்கள். ஒரே யூனிபார்ம், அது காயவில்லை என்று வராதவர்கள் இருந்தார்கள். ஒரு பையன் கணக்கு டெஸ்ட் வைக்கிற கிழமைகளில் மட்டும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பான். அந்த அம்மாளோ நான் போனபோது ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் தசராவுக்குப் பிறகு வராமல் போனவர்களில் என் வகுப்பின் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி. கணக்கில் கெட்டி. பேச்சு வெடுக்கென்று இருக்கும். நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் "அது எனக்குத் தெரியும் மிஸ்" என்பாள். உண்மையிலேயே தெரிந்திருக்கும். விடுமுறைக்கு முன்பே அவள் வருகை கெட்டுப்போயிருந்தது. ஒருநாள் வருவாள், மறுநாள் வரமாட்டாள். வந்த நாளிலும் மதியத்தோடு போய்விடுவாள். ஒழுங்காக வரும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் அரசாங்கம் கொடுத்த அரிசி அவளுக்குக் கிடைக்காமல் போயிற்று. அரிசிக்காகவாவது அனுப்புவார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதுவும் நடக்கவில்லை.

ஒரு சாயங்காலம் பள்ளி முடிந்ததும் அவள் வீட்டைத் தேடிப் போனேன். ஒரு குறுகலான சந்துக்குள் இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள். நடுவில் ஒரு குழாய். அவள் வாசற்படியில் உட்கார்ந்து கைக்குழந்தை ஒன்றுக்கு ராகிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அதை அவள் மேலேயே துப்பிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அம்மா கார்மென்ட்ஸ்க்குப் போயிருக்காங்க மிஸ். இருட்டினப்புறம்தான் வருவாங்க," என்றாள்.

"இது யாரு?"

"தம்பி."

"நீ ஏன் ஸ்கூலுக்கு வரல?"

எச்.எம். கேட்காதே என்று சொன்னதைத்தான் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இடுப்பில் இருந்த குழந்தையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, புத்தி மந்தமான பிள்ளைக்கு விளக்குவதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"எதிர் வீட்டுப் பாட்டிதான் இவனைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க பையன் வேலை போயிடுச்சு. எல்லாரும் செங்கம் போயிட்டாங்க. இப்ப நான்தான் பாத்துக்கறேன்."

அப்பா கட்டட வேலை. சென்ட்ரிங் அடிக்கிறவர். அப்போது வேலை மைசூர்ப் பக்கம் என்பதால் எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் குழந்தைக்கு முகம் கழுவி, துணி மாற்றி, அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி, கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. என்னிடம் பேசிக்கொண்டே இரண்டு முறை கொட்டாவி விட்டாள். தம்பிக்குப் பல் முளைக்கிறதாம், தூங்கவே மாட்டேன் என்கிறானாம். அம்மா விடிந்ததும் எழுந்து ஓட வேண்டும் என்பதால் இவள்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாளாம். இதெல்லாம் புகாராக வரவில்லை. இன்றைக்கு என்ன சாம்பார் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவைப் பார்க்க மறுபடியும் போனேன். என் வயதைவிடச் சில வருடங்களே கூடியிருக்கும். குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு வந்தார். நான் பயிற்சிப் பள்ளியில் படித்திருந்ததையெல்லாம் சொன்னேன். பெண்பிள்ளை படிப்பு எவ்வளவு முக்கியம், இந்த வயதில் விட்டால் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம், அவள் எவ்வளவு கெட்டிக்காரி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மிஸ், நீங்க சொல்றது எல்லாம் எனக்கும் தெரியும். அவ படிக்கணும்னுதான் நான் மெஷின்ல உக்காந்திருக்கேன். நான் லீவு போட்டா வேற ஆள் போட்ருவாங்க. இவனைத் தூக்கிட்டுப் போனா கேட்லயே நிறுத்திடுவாங்க. கம்பெனியில குழந்தைங்களுக்குன்னு ரூம் இருக்கு. பூட்டி வச்சிருக்காங்க, உள்ள துணி பண்டல் அடுக்கியிருக்கு. நீங்களே ஒரு வழி சொல்லுங்க. அப்படியே செய்றேன்."

காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்து வகுப்புகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. கேட்டருகில் சத்தம். போய்ப் பார்த்தால் எங்கள் பள்ளி ஆயா கேட்டைப் பாதி சாத்திக்கொண்டு நிற்கிறார். வெளியே அந்தப் பெண். இரட்டைப் பின்னல், ரிப்பன், தேய்த்த யூனிபார்ம், முதுகில் பை. இடுப்பில் தம்பி. அவனுக்கும் தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள்.

"குழந்தைய எங்க தூக்கிட்டு வர? போ, வீட்ல விட்டுட்டு வா," என்று ஆயா சொல்ல, அவள் என்னைக் கண்டதும் கை காட்டினாள்.

"மிஸ்தான் வீட்டுக்கு வந்து ஏன் வரலன்னு கேட்டாங்க. வந்துட்டேன்."

சத்தம் கேட்டு எச்.எம். வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார்.

"இது ஸ்கூலா, பால்வாடியா?" என்று என்னைக் கேட்டார். அந்தக் குரலுக்குப் பெரிய பிள்ளைகளே நடுங்குவார்கள். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. கீழ் ஈறில் இரண்டு பல். எச்.எம். சிரிக்கவில்லை. ஆனால் கேட்டைத் திறக்கச் சொன்னார். "இன்னைக்கு ஒருநாள். சாயங்காலம் பேசிக்கலாம்," என்றார்.

அன்று சாயங்காலம் ஏதோ சுற்றறிக்கை விஷயமாக அவர் வெளியே போய்விட்டார். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு மறுநாளும் அவள் வந்தாள்.

வகுப்பின் பின்பக்கம் இரண்டு கோணிப்பைகளை விரித்து, மேலே அவள் கொண்டுவந்த பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டோம். தொட்டில் கட்ட ஜன்னல் கம்பி போதும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அந்தக் கம்பியின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் நாட்களில் குழந்தை அழும்போதெல்லாம் பாடம் நின்றது. அவள் எழுந்து போய்த் தூக்கிக்கொண்டு சுவரோரம் நடந்தபடியே கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வாள். மெல்ல மற்றப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டார்கள். நான் சொல்லி நடந்ததல்ல. யார் வீட்டுப்பாடம் முடித்திருக்கிறார்களோ அவர்கள்தான் தம்பியைத் தூக்கலாம் என்று அவர்களே ஒரு சட்டம் போட்டார்கள். அதன் பிறகு வீட்டுப்பாடம் முடிக்காமல் வருகிறவர்கள் குறைந்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

தம்பி மற்றவர்கள் கைக்குப் போனதும் அந்தப் பெண் உருப்படியாகப் படிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தூங்கினாள். மூன்றாவது பீரியடில் சமூக அறிவியல் பாடம். காவேரி எங்கே பிறக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது தலை மெல்லச் சாய்ந்து மேஜையில் படிந்தது. பக்கத்துப் பெண் எழுப்பப் போனாள். வேண்டாம் என்று கை காட்டினேன். மணி அடித்தது, அடுத்த பீரியட் தொடங்கியது, அவள் எழவில்லை. கன்னத்தில் நோட்டுப் புத்தகத்தின் விளிம்பு பதிந்திருந்தது. மறுநாளும் அதே நேரத்தில் தூங்கினாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அவளுக்குச் சமூக அறிவியல் நான் பிறகு தனியாக எடுத்தேன். அடுத்த வாரம் பாதியில் ஒருநாள், நான் கேள்வியை முடிப்பதற்குள் பின்னால் தம்பியின் கோணிப்பைப் பக்கமிருந்து "அது எனக்குத் தெரியும் மிஸ்" என்று குரல் வந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

நான் எதிர்பார்க்காத வேறொன்றும் நடந்தது. வகுப்பு நிறைய ஆரம்பித்தது. தண்ணீர் வருகிற நாளில் வராதவர்கள் தாமதமாகவாவது ஓடி வந்தார்கள். கணக்கு டெஸ்ட் அன்று அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும் பையன்கூட வந்து கோணிப்பையருகில் உட்கார்ந்தான். தம்பி தவழ்ந்தான், பெஞ்சுக் காலைப் பிடித்து எழுந்து நின்றான், சாக்பீஸைத் தின்றான், வரைபடத்தைக் காட்டும் குச்சியை விடமாட்டேன் என்று கத்தினான். அன்றன்று அவன் என்ன செய்தான் என்பதை நேரில் பார்க்காமல் அடுத்தவர் வாயால் கேட்க யாருக்கும் மனமில்லை.

எச்.எம். ஒருநாள் அட்டெண்டன்ஸைப் பார்த்துவிட்டு, "உன் கிளாஸ்ல மட்டும் என்னம்மா நடக்குது?" என்றார். சொன்னேன். "ம்," என்றார். அவ்வளவுதான்.

எல்லாருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. பக்கத்து வகுப்பு டீச்சர் என்னைவிட மூத்தவர், நல்லவர். "நீ இளசும்மா, உனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும். இந்தச் சத்தத்துல நான் ஏழாங்கிளாஸ் பப்ளிக் எக்ஸாமுக்குப் பிள்ளைங்களை எப்படித் தயார் பண்றது?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. நடுவில் இருந்தது மரத்தடுப்புதான், சுவர் இல்லை. அதற்குள் செய்தி சந்துக்குச் சந்து பரவி, ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருத்தி இரண்டு வயதுத் தங்கையைக் கைபிடித்து அழைத்து வந்தாள். ஏழாம் வகுப்பிலிருந்து ஒருத்தி ஓடுகிற வயதில் ஒரு தம்பியோடு வந்தாள். அவன் வராந்தாவில் ஓட, அவள் பின்னால் ஓட, எச்.எம். அறையிலிருந்து குரல் எழும்ப, பள்ளியே கொஞ்ச நாள் ரெண்டுபட்டுக் கிடந்தது.

பிறகு அந்தப் பட்டாணி.

பள்ளி வாசலில் வறுத்த பட்டாணி விற்பார்கள். இடைவேளைக்குப் பிறகு வகுப்பில் எங்காவது நாலு கிடக்கும். ஒரு மத்தியானம் அவள் தம்பியைத் தூக்கி முகத்தைப் பார்த்தவள், என்னிடம் நேராக வந்தாள்.

"மிஸ், இவன் ஒரு மூக்காலதான் மூச்சு விடறான்."

பார்த்தேன். உள்ளே ஏதோ தெரிந்தது. பையன்களில் ஒருவன் ஹேர்பின்னை நீட்டினான். "தொடாத, உள்ள போயிடும்," என்று அவள் தட்டிவிட்டாள். நான் எச்.எம். அறைக்கு ஓடினேன். எச்.எம். வந்து ஒரு பார்வை பார்த்தார், ஆட்டோ கூப்பிடச் சொன்னார், தானே முதலில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் குழந்தையும் ஆட்டோவில். வழியெல்லாம் அவள் அவன் கையை அவன் மூக்குக்குப் போகாமல் பிடித்துக்கொண்டு, காதருகில் ஏதோ பாடிக்கொண்டே வந்தாள்.

கிளினிக்கில் டாக்டர், "இவ்வளவு சீக்கிரம் கொண்டாந்தது நல்லது, இல்லன்னா ஈரத்துல பட்டாணி ஊதியிருக்கும்," என்றபடி சின்ன இடுக்கியால் அதை வெளியே எடுத்துவிட்டார். தம்பி வீறிட்டு அழுதான், தும்மினான், உடனே டாக்டரின் ஸ்டெத்தைப் பிடித்து இழுத்தான். அதுவரை அழாத அவள் அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க. எச்.எம். தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார்.

ஆனால் திரும்பி வந்ததும் அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "இத்தோட போதும். இன்னைக்கு மூக்குல போனது நாளைக்குத் தொண்டையில போனா யாரு பதில் சொல்றது? நானா, நீயா? நாளையிலருந்து குழந்தைங்க வேண்டாம்." எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அவள் அம்மா வந்தார், இடுப்பில் குழந்தையோடு. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எச்.எம். அறையில் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"பெரிய மிஸ், வேண்டாம்னு சொல்லிட்டீங்களாம். உங்க பயம் எனக்குப் புரியுது. ஒண்ணு மட்டும் கேக்கறேன். இவன் வீட்ல இருந்திருந்தாலும் மூக்குல எதையாவது போட்டிருப்பான். அப்ப கூட யாரு இருந்திருப்பா? இந்தப் பொண்ணு மட்டும். ஆட்டோ புடிக்க யாரு? டாக்டர் எங்கன்னு அவளுக்கு என்ன தெரியும்? ஸ்கூல்ல இருந்ததாலதான் நேத்து நீங்க ரெண்டு பேரும் கூட இருந்தீங்க."

எச்.எம். மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். குழந்தை அதற்குக் கை நீட்டியது.

"உங்க சந்துல வேலைக்குப் போகாம வீட்ல இருக்கற பொம்பளைங்க யாராவது இருக்காங்களா?" என்று கடைசியில் கேட்டார்.

"என் கூட வேலை செஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு. இப்பத்தான் புள்ள பெத்திருக்கு. திரும்ப எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க."

"கூட்டிட்டு வா."

பள்ளியின் ஓரத்தில், தெருவை ஒட்டி, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்த அறை ஒன்று இருந்தது. அதன் சாவியை எச்.எம். தன் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சுகளை வெளியே இழுத்தார்கள். உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அதற்கு வேறிடம் பார்ப்பதிலேயே பாதி நேரம் போயிற்று. ஆயா, முதல் நாள் கேட்டைச் சாத்தியவர், பினாயில் போட்டுத் தரையைக் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கள் வந்து சுண்ணாம்பு அடித்தார்கள். மைசூர்ப் பக்கமிருந்து வந்திருந்த முதல் பெஞ்சுப் பெண்ணின் அப்பா உத்தரத்தில் இரண்டு கொக்கி அடித்துக் கொடுத்தார், தொட்டில் கட்ட. கார்மென்ட்ஸில் திரும்ப எடுத்துக்கொள்ளாத அந்த இளம்பெண் தன் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். மற்ற அம்மாக்கள் தங்களுக்குள் பேசி அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. வாங்கப் போனால் கிடைக்காது என்று எச்.எம்.முக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். வகுப்புகளைப் பார்த்தார், பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொன்னார், கழிப்பறைக்குக் கதவு இல்லை என்று குறித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்த அறையிலிருந்து அழுகைச் சத்தம். நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தார். இரண்டு தொட்டில், தரையில் மூன்று குழந்தைகள்.

"ஏனம்மா இது?" என்று கன்னடத்தில் எச்.எம்.மைக் கேட்டார். என்னம்மா இது என்று அர்த்தம்.

"மக்களு சார்," என்றார் எச்.எம். கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள்.

"அது தெரியுதம்மா. யாரோட மக்களு?"

எச்.எம். சொன்னார். ஒளிக்காமல், சமாளிக்காமல், முதல் நாள் கேட்டில் நடந்ததிலிருந்து பட்டாணி வரை சொன்னார். என் வகுப்பு அட்டெண்டன்ஸைக் கொண்டுவரச் சொல்லிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பக்கங்களைத் திருப்பினார். மனிதர் கோபக்காரர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்.

"ஸ்கூலுக்குள்ள அட்மிஷன் இல்லாத மக்களு இருக்கக் கூடாது. நாளைக்கு ஏதாவது ஆயிட்டா என் தலைதான் போகும்," என்றார். அறையை இன்னொரு முறை சுற்றி வந்தார். தெருப்பக்கம் ஒரு கதவு இருந்தது. பல வருடமாகத் திறக்காமல் துருப்பிடித்த தாழ்ப்பாளோடு. அதைக் காட்டி, "இது எங்க போகுது?" என்று கேட்டார்.

"தெருவுக்கு."

"அப்ப இதைத் திறங்க. ஸ்கூல் பக்கம் இருக்கற கதவை ஆணி அடிச்சு மூடுங்க. தெருவுல வாசல் இருக்கற ரூம் தெருவோட ரூம். நான் ஸ்கூலைப் பாக்கத்தான் வந்தேன்."

எச்.எம். அன்று சாயங்காலமே கார்பென்டரைக் கூப்பிட்டார். அதன் பிறகு எங்கள் பெண்கள் இடைவேளை மணி அடித்ததும் கேட் வழியாக வெளியே ஓடி, சுற்றிப்போய்த் தம்பி தங்கைகளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். ஆயா அதற்காகவே அந்த நேரத்தில் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். மழை நாளில் நனைந்துகொண்டே வருவார்கள். பக்கத்து வகுப்பு டீச்சருக்கு அமைதி கிடைத்தது. என் வகுப்பில் மட்டும் கொஞ்ச நாள் ஒருவித வெறுமை. பின்னால் யாரும் கத்தவில்லை, வரைபடக் குச்சி என் கையிலேயே இருந்தது. வருகை மறுபடியும் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். கொஞ்சம் விழத்தான் செய்தது. ஆனால் பழைய நிலைமைக்குப் போகவில்லை.

எல்லாரையும் அந்த அறை காப்பாற்றவில்லை. என் வகுப்பில் அமைதியான பெண் இன்னொருத்தி இருந்தாள். அவள் அம்மாவுக்கு முதுகில் ஏதோ நோய், எழ முடியாது. வீட்டில் ஊதுபத்தி உருட்டும் வேலையை இவள் எடுத்துக்கொண்டாள். நான் பல முறை போனேன். ஒவ்வொரு முறையும் கரி ஒட்டிய கையை மறைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வரேன் மிஸ்," என்பாள். எச்.எம்.மும் ஒருமுறை போய்ப் பேசினார். அவள் வரவே இல்லை. குழந்தையாக இருந்தால் தொட்டிலில் போடலாம், படுத்திருக்கும் அம்மாவை என்ன செய்வது என்று நாங்கள் யோசித்து யோசித்து ஓய்ந்துபோனோம்.

முதல் பெஞ்சுப் பெண் ஆறாவது பாஸ் செய்தாள். ஏழாவதில் பப்ளிக் எக்ஸாமில் கணக்கில் பள்ளியிலேயே அவள்தான் முதல். எட்டாவதுக்குத் தமிழ் மீடியம் பக்கத்தில் இல்லை. கன்னட மீடியம் ஹைஸ்கூலில் சேர்ந்தாள். முதல் வருடம் தடுமாறினாள். சனிக்கிழமைகளில் என்னிடம் வந்து கன்னட இலக்கணம் கேட்பாள். ஒருநாள் அங்கே யாரோ அவள் உச்சரிப்பைக் கேலி செய்தார்கள் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். "நான் போமாட்டேன் மிஸ்," என்றாள். அந்த உச்சரிப்பை நாங்கள் இருவரும் உட்கார்ந்து சரிசெய்தோம். திங்கட்கிழமை போனாள்.

தம்பியை அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். சேர்ந்த அன்று மற்றக் குழந்தைகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழ, அவன் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, எந்த வகுப்பில் உட்காருவது என்று ஆயாவிடம் கேட்டானாம். எச்.எம். அதற்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சில வருடத்தில் அடுத்த தெருவில் அங்கன்வாடி வந்ததும் அந்த அறைக்குத் தேவை குறைந்தது. நான் கல்யாணமாகி ஜெயநகர்ப் பக்கம் மாற்றல் வாங்கிப் போனபோது அது மறுபடியும் பூட்டிக் கிடந்தது.

பத்தாவது ரிசல்ட் வந்த கோடையில் அவள் அம்மா என் புது வீட்டை விசாரித்துக்கொண்டு தேடி வந்தார். அதே கார்மென்ட்ஸ் வேலைதான், ஆனால் வேறு கம்பெனி. மகளுக்கு இங்கிலீஷில் தவிர எல்லாவற்றிலும் நல்ல மார்க் என்றார். இங்கிலீஷில் பார்டரில் பாஸ். கர்நாடகத்தில் பதினொன்றாம் வகுப்பே காலேஜில்தான்; அங்கே காமர்ஸ் சேர வேண்டுமென்று பிடிவாதமாம். அவள் அப்பாவுக்கு மனமில்லை.

"நீங்க வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் மிஸ். நான் சொன்னா கேக்க மாட்டார்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். போனேன். அவள் அப்பா காபி கொடுத்தார், நான் குடித்தேன். காலேஜ் தூரம், பஸ்ஸில் கூட்டம், வயசுப் பெண் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, உள்ளே இருந்து அவள் குரல் வந்தது. எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த நிறுத்தத்தில் யார் யார் கூட வருவார்கள் என்பதெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த ஜூனில் அவள் காலேஜில் சேர்ந்தாள்.